ஏர்ஃப்ளோவா, ஆர்கோவா?

கன்டெய்னர்களை (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிகளை) வரிசைப்படி ஓட்ட இந்த இரண்டில் எதை எடுப்பது என்று தடுமாறுபவர்கள் பலர். இரண்டும் திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் பராமரிப்பில்தான்.

பிறப்பு: ஏர்ஃப்ளோ 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தரவு வேலைகளுக்காக உருவானது. ஆர்கோ வொர்க்ஃப்ளோஸ், பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸுக்காகவே பிறந்தது. அதில் ஒவ்வொரு படியும் ஒரு பாட், அதாவது குபெர்னெட்டீஸ் ஓட்டும் மிகச் சிறிய அலகு.

எழுதுவது: ஏர்ஃப்ளோவில் பைத்தான். ஆர்கோவில் யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவம், ஓர் இடைவெளி பிசகினாலும் முரண்டுபிடிக்கும். நூறு வரி தாண்டினால் எனக்குக் கண்ணைக் கட்டும்.

பராமரிப்பு: ஏர்ஃப்ளோவுக்குத் தரவுத்தளம், வேலைகளை நேரத்துக்குத் தொடங்கும் ஷெட்யூலர், இணையச் சேவையகம் என ஒரு குடும்பமே வேண்டும். ஆர்கோவின் அடிப்படை ஓட்டத்துக்கு, படிகளை நடத்தும் ஒரு கன்ட்ரோலர் போதும். வினையும் அங்கேதான்: ஓட்டங்களின் நிலவரம் கிளஸ்டரின் (குபெர்னெட்டீஸ் ஓடும் கணினிக் கூட்டத்தின்) உள் தரவுத்தளமான எட்சிடியில் சேர்கிறது. முடிந்தவற்றைத் துடைக்காவிட்டால் கிளஸ்டரே திணறும். எத்தனை நேரத்தில் அழிய வேண்டும் என்ற கெடுவை முதல் நாளே எழுதிவிடுங்கள். நீண்ட வரலாறு வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஆவணப்படுத்தலாம்.

குபெர்னெட்டீஸ் ஏற்கெனவே பழகிய குழு, கட்டமைப்பை நிறுவும் வேலை என்றால் ஆர்கோ. இரவுநேரத் தரவு வேலைகள், பல வெளிச் சேவைகள், பைத்தான் தெரிந்த கைகள் என்றால் ஏர்ஃப்ளோ. குபெர்னெட்டீஸே இல்லாதவர்கள் ஆர்கோவுக்காக அதை நிறுவ வேண்டாம்.