வானதூதர்கள் குருக்களா, திருத்தொண்டர்களா, வெறும் தூதர்களா?

பெங்களூரில் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் பக்கம் ஆர்.சி.யும் (ரோமன் கத்தோலிக்கர்) சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) கலந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். அம்மா வழி ஆர்.சி.; ஒவ்வொருவரையும் காக்கும் காவல் தூதரிடம் தினமும் மன்றாடுவார்கள். அப்பா வழி சி.எஸ்.ஐ.; அங்கே அது கூடவே கூடாது. செப்டம்பர் 29, அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், ரபேல் திருவிழா வந்துவிட்டால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: நம் ஜெபத்தைக் கடவுள் முன் ஏந்தி நிற்கும் தூதர், பலி ஒப்புக்கொடுக்கும் குரு, அதாவது பாதிரியார், செய்யும் வேலையைத்தானே செய்கிறார்?

ஆம் என்பவர்கள் பக்கம் சான்றுகளுக்குக் குறைவில்லை. திருவெளிப்பாடு 8இல் ஒரு தூதர் பொன் தூபக்கலசத்தோடு பலிபீடத்தின் அருகே நிற்கிறார். 15ஆம் அதிகாரத்தில் ஏழு தூதர்கள் தூய மெல்லிய ஆடையும் மார்பில் பொற்கச்சையும் அணிந்து கோவிலிலிருந்து வருகிறார்கள். பார்த்தாலே குருவின் உடைதான். எசாயா 6இல் செராபு என்ற வகை வானதூதர் ஒருவர் பலிபீடத்து நெருப்புத் துண்டால் இறைவாக்கினரின் உதட்டைத் தொட்டு, பாவம் நீங்கிற்று என்றே சொல்லிவிடுகிறார். சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த ஓய்வுநாள் பலிப் பாடல்கள் என்ற 13 பாடல்களின் தொகுப்பிலும் விண்ணகக் கோவிலில் வழிபாடு நடத்துபவர்கள் தூதர்களே; அவர்களைக் குருக்கள் என்றே அந்தப் பாடல்கள் அழைக்கின்றன. கிறிஸ்தவத்துக்கு முன்பே யூத மண்ணில் ஊறிய எண்ணம் இது. லேசாகத் தள்ளிவிட முடியாது.

இல்லை என்பவர்கள் எபிரெயர் நிருபத்தை எடுப்பார்கள். பிரதான ஆசாரியன் (தலைமைக் குரு) மனுஷரிலிருந்து தெரிந்துகொள்ளப்படுகிறவன் (5:1). கிறிஸ்து கைகொடுத்தது தேவதூதருக்கு அல்ல, ஆபிரகாமின் சந்ததிக்கு (2:16). தூதர்களோ பணிவிடை ஆவிகள் (1:14). அப்புறம் 1 தீமோத்தேயு 2:5: மத்தியஸ்தர் ஒருவரே, அவரும் மனுஷன். பசியும் மரணமும் அறியாத ஒருவர் நமக்காக நம் இடத்தில் நிற்க முடியாது என்ற இந்த வாதம்தான் எனக்கு மிக வலுவாகப் படுகிறது. இதில் கத்தோலிக்க மரபுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது என்பதை இரண்டு பக்கத்தாரும் மறந்துவிடுகிறார்கள். கட்டவும் அவிழ்க்கவும், அதாவது பாவத்தை மன்னிக்கவும் மறுக்கவும், உள்ள அதிகாரம் தூதருக்கோ அதிதூதருக்கோ தரப்படவில்லை என்று குருத்துவம் பற்றிய நூலில் எழுதியவர் பழங்காலத் திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம். திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்களின் ஆற்றல் கிறிஸ்து மனிதராகப் பட்ட பாடுகளிலிருந்து வருவதால், அவற்றை வழங்குவதும் மனிதருக்கே உரியது என்பது இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் முடிவு.

மூன்றாவது பதில், தூதர் பீடத்தில் குருவுக்குத் துணை நிற்கும் திருத்தொண்டர் (டீக்கன்) போன்றவர் என்பது. இதைக் கண்ணால் காண வேண்டுமென்றால், இந்த ஊரிலேயே சிரிய மரபைச் சேர்ந்த மலங்கரை சபையின் குர்பானாவுக்கு (திருப்பலிக்கு) ஒருமுறை போய்வரலாம். நீண்ட கோலின் நுனியில் வட்டமான உலோகத் தகடு, அதில் செராபின் உருவம், ஓரமெல்லாம் குட்டி மணிகள். மர்வஹசா என்பார்கள். வழிபாட்டின் உச்ச நேரங்களில் அதைக் குலுக்கும்போது, விண்ணவர் பீடத்தைச் சூழ்ந்து நிற்பதாக அர்த்தம். பலி செலுத்துபவர் குரு; தூதர்கள் சூழ நிற்பவர்கள். நம் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டிலும் இதே அமைப்புதான். குரு ஒப்புக்கொடுக்கிறார், அந்தக் காணிக்கையை விண்ணகப் பீடத்துக்குத் தூதர் கொண்டுசெல்ல வேண்டுமென்று கேட்கிறார்.

என் தீர்ப்பு மூன்றாவதற்கே. திருவெளிப்பாடு 8:3ஐ நிதானமாகப் படித்தால் காரணம் புரியும். அந்தத் தூதர் படைக்கும் தூபம் அவருடையது அல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதனோடு சேர்ந்து எழும் வேண்டுதல்களும் நம்முடையவை. கொண்டுபோகும் பணி உயர்ந்ததுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது குருத்துவம் ஆகாது. எசாயாவின் செராபும் அப்படித்தான். நெருப்புத் துண்டை அவர் கையால் தொடவில்லை, குறட்டால் எடுத்தார். நான்காம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞரான புனித எப்ரேம் இதைப் பிடித்துக்கொண்டார்: செராபு விரலால் தொடாததை, எசாயா உண்ணாததை, ஆண்டவர் நற்கருணையில் நமக்குத் தொடவும் உண்ணவும் தந்தார் என்று பாடினார். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்கு வரும் எந்தப் பாட்டியும் நற்கருணை வாங்கும்போது, செராபுக்கு இல்லாத நெருக்கத்தில் நிற்கிறார்.

சரி, அப்படியானால் எங்கள் வீட்டுத் தகராறு எதைப் பற்றி? குருத்துவத்தைப் பற்றி இல்லை என்றே நினைக்கிறேன். ஜெபத்தைக் கொண்டுபோகும்படி தூதரை நாம் கேட்கலாமா என்பதுதான் மிச்சம். தோபித்தும் சாராவும் செய்த மன்றாட்டை ஆண்டவர் முன் எடுத்துச் சென்றவர் ரபேல் என்கிறது தோபித்து நூலின் 12ஆம் அதிகாரம். அந்த நூல் அம்மாவின் விவிலியத்தில் இருக்கிறது, அப்பாவின் வேதாகமத்தில் இல்லை. தூதர்களை வணங்குவதைக் கண்டிக்கும் கொலோசெயர் 2:18 இரண்டிலுமே இருக்கிறது. பேச வேண்டியது இந்த இரண்டு பகுதிகளைப் பற்றித்தான்.