குளக்கரைக்கு ‘வாட்டர் ஃபர்கெட்-மி-நாட்’ என்று சொல்லி வேறு செடியைத் தலையில் கட்டுகிறார்கள்

சிங்கப்பூரில் தரைவீட்டில் இருந்து, முற்றத்தில் சின்னதாக ஒரு மீன்குளமும் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளத்தைச் சுற்றி வாட்டர் ஃபர்கெட்-மி-நாட் நட்டு நீலக் கம்பளம் விரித்துத் தருகிறேன் என்று தோட்டக்காரர் யாராவது வந்தால், முன்பணமாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். நாங்கள் 680 வெள்ளி கொடுத்தோம். வந்தது அந்தச் செடியே அல்ல.

ஆள் பேச்சில் கெட்டிக்காரர். கைப்பேசியில் இங்கிலாந்துக் குளம் ஒன்றின் படத்தைக் காட்டினார். பாசி படிந்த கற்களுக்கு நடுவே வான நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். அம்மா அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நம் வெயிலுக்குத் தாங்கும் ரகம் அக்கா, ஆறு வாரத்தில் உங்கள் குளமும் இப்படித்தான் இருக்கும்” என்று என்னிடம் அடித்துச் சொன்னார். ரசீதில் மட்டும் ‘நீலப் பூச்செடி, குளக்கரை வேலை’ என்று எழுதியிருந்தார். செடியின் பெயர் இல்லை. இப்போது யோசித்தால், அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலையாட்கள் நட்டுவிட்டுப் போன அன்று பிற்பகலே பூக்கள் எல்லாம் மூடிக்கொண்டன. கூப்பிட்டுக் கேட்டால், இடம் மாறிய களைப்பு என்றார். மறுநாள் காலை விரிந்து, மதியத்துக்குப் பிறகு மீண்டும் மூடின. அப்போதுதான் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இருபது காசு நாணயம் அளவு. நடுவில் வெள்ளை. இதழ்கள் தனித்தனியாகப் பிரியாமல் தட்டுபோல் ஒட்டியிருந்தன. இலையைத் தடவினால் பட்டுப்போல் நரைமயிர்.

உண்மையான வாட்டர் ஃபர்கெட்-மி-நாட் இப்படி இருக்காது. பூ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான், ஐந்து காசைவிடச் சிறியது. நடுவில் மஞ்சள் கண். மொட்டு இளஞ்சிவப்பாக இருந்து, விரியும்போது நீலமாகும். பூங்கொத்தின் நுனி தேளின் கொடுக்குபோல் சுருண்டிருக்கும். எங்களுக்கு வந்தது எவால்வுலஸ், நர்சரிகளில் ‘புளூ டேஸ்’ என்று கிடைப்பது. பூர்வீகம் பிரேசில். நம் ஊர் விஷ்ணுகிராந்திக்கு நெருங்கிய சொந்தம். அழகான செடிதான், மாடத்தில் தொட்டியில் வைத்தால் நன்றாகப் பூக்கும், சில வெள்ளிக்கே கிடைக்கும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் போயிற்று. அதைத்தான் இவர் வலைக்கூடையில் வைத்து, குளத்தின் ஓரப்படியில் தண்ணீருக்குள் இறக்கியிருந்தார். தண்டு அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. கூடையைத் தூக்கினால் அழுகிய முட்டை நாற்றம்.

செடி போனது ஒரு பக்கம், குளமும் கெட்டது. நீர்ச்செடிக்குக் களிமண் கலந்த கனமான மண், உரம் சேர்க்காத மண், மேலே கூழாங்கல். இது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரிய வேண்டிய அரிச்சுவடி. இவரோ பையில் வரும் உரம் கலந்த தொட்டி மண்ணை அப்படியே கொட்டியிருக்கிறார். சத்து நீரில் கரைந்து, தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆனது. பாசி மண்டிய குளத்தில் இரவில் பிராணவாயு குறையும். விடிகாலையில் அப்பாவின் தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மூன்று செத்துப்போயின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தோட்டக்காரர் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

இன்னொன்றும் உண்டு. நாற்றுத் தட்டுகளைக் குளத்து மோட்டாருக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழைநீர் நின்று, கொசுப்புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்து அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் 200 வெள்ளி அபராதம் எங்கள் பெயருக்குத்தான் வந்திருக்கும், அவர் பெயருக்கு அல்ல.

படங்களை அனுப்பிக் கேட்டபோது, “இரண்டும் ஒரே குடும்பம்தான் அக்கா” என்றார். இல்லவே இல்லை. ஃபர்கெட்-மி-நாட் போராஜினேசி குடும்பம், புளூ டேஸ் நம் தாளிக்கொடி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் சேர்ந்த கன்வால்வுலேசி குடும்பம். அதைச் சொன்னதும் குரல் மாறியது. அசலே வேண்டுமென்றால் மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையிலிருந்து வரவழைக்கலாம், இன்னும் 300 வெள்ளி ஆகும் என்றார்.

அந்த வலையில் யாரும் விழ வேண்டாம். கேமரன் மலையில் வளர்வதால் இங்கே வளரும் என்று ஆகாது. மயோசோட்டிஸ் ஸ்கார்பியாய்டிஸ் (வாட்டர் ஃபர்கெட்-மி-நாட்டின் அறிவியல் பெயர்) ஐரோப்பாவின் ஓடைக்கரைச் செடி. குளிர்காலம் முடிந்து, வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும் பூப்பது. இங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24, 25 டிகிரி. கரையோரப் பூந்தோட்டத்துக் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் 23 முதல் 25 டிகிரிவரை குளிரூட்டித்தான் டியூலிப்பைக் காட்சிக்கு வைக்கிறார்கள். அந்தக் குளிரூட்டலுக்கு ஆகும் மின்கட்டணத்தை இவர் கட்டுவாரா?

பணத்தைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படமும் ‘வாட்டர் ஃபர்கெட்-மி-நாட் உறுதி’ என்று எழுதிய செய்தியும்தான் எங்களைக் காப்பாற்றின. சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகிறோம் என்று எழுத்தில் சொன்ன பிறகு, 400 வெள்ளியைத் திருப்பினார். மீதிக்காக இன்னும் இழுத்தடிக்கிறார். மீனுக்கு யார் கணக்குச் சொல்வது?

குளக்கரையில் பச்சை வேண்டும் என்பவர்கள் நீர்ப்பிரமியை வையுங்கள். சேற்றில் படர்ந்து, வெளிறிய சின்னப் பூக்கள் பூக்கும், இந்த வெயிலும் மழையும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நீலமேதான் வேண்டுமென்றால் நீல அல்லி இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் அழுகிய செடியைத் தூக்கி எறியாதீர்கள். பூ, இலை, வேர், கூடை மண் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். அந்த மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நேரில் போகும் முன் பயனீட்டாளர் சங்கத்திடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.