ஹுவாங்ஷானா, வூயியா?

சீன மலைகளுள் இயற்கை, பண்பாடு ஆகிய இரு தகுதிகளாலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை நான்கு. அவற்றுள் அன்ஹுய் மாகாணத்தின் ஹுவாங்ஷான் 1990-இலும், ஃபூஜியன் மாகாணத்தின் வூயி 1999-இலும் இடம்பெற்றன. இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் வாய்ப்பவர், எது அழகு என்று பார்த்தால் முடிவுக்கு வருவது கடினம். அந்த அழகின் நடுவே மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்று பார்த்தால் வேறுபாடு துலங்கிவிடும்.

ஹுவாங்ஷான் அண்ணாந்து பார்க்க வைக்கும் மலை. செங்குத்தான கருங்கல் சிகரங்களுள் உயர்ந்ததான லியன்ஹுவா 1,864 மீட்டர் உயரமுடையது. மண்ணே இல்லாத பாறை வெடிப்புகளில் வேரூன்றிய பைன் மரங்களின் உச்சி தட்டையாகப் பரந்திருக்கிறது. விருந்தினரை வரவேற்பதுபோல் ஒரு பக்கமாகக் கிளை நீட்டி நிற்கும் புகழ்பெற்ற பைன் மரத்தைப் பாதுகாக்கத் தனிக் காவலரே இருக்கிறார். கீழே மேகம் கடலாகப் பரவும் காலையில், 17-ஆம் நூற்றாண்டின் ஹொங்ரென், ஷிதாவோ, மெய் சிங் ஆகிய ஓவியர்கள் இம்மலையைத் திரும்பத் திரும்ப வரைந்ததன் காரணம் விளங்கும். மலைமேல் பழைய கோயில்களும் கல்வெட்டுகளும் உண்டு என்றாலும், மக்கள் வாழ்ந்த பண்பாட்டைத் தேடுபவர் அடிவாரப் பகுதிக்கு இறங்கி, வெண்சுவரும் கரிய ஓடுமாக நிற்கும் ஷீதி, ஹொங்சுன் ஆகிய வணிகர் ஊர்களுக்குச் செல்ல வேண்டும். அவை 2000-இல் தனியாகவே பட்டியலில் சேர்ந்தவை.

வூயியில் இந்தப் பிரிவினை இல்லை. சுற்றுலாப் பகுதியின் செம்மணற்பாறைக் குன்றுகள் உயரத்தால் மிரட்டுவதில்லை. பலரும் ஏறும் தியன்யூ சிகரமே சுமார் 400 மீட்டர்தான். அவற்றினூடே ஒன்பது வளைவுகளாக ஓடும் ஆற்றில், இருவர் கழியூன்றிச் செலுத்தும் மூங்கில் தெப்பத்தில் அமர்ந்தால், காட்சியும் வரலாறும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. மூன்றாம் வளைவில் அண்ணாந்தால், செங்குத்துப் பாறையின் பிளவுகளில் படகு வடிவச் சவப்பெட்டிகளின் எச்சங்கள் தெரியும். இங்கு இவ்வழக்கம் 3,000 ஆண்டுகளுக்கும் முந்தையது. ஐந்தாம் வளைவின் கரையில் மெய்யியலாளர் ஜூ ஷீ 1183-இல் தம் கல்விக்கூடத்தை அமைத்தார். மறு ஆண்டு அவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பாடலாக, முதல் வளைவிலிருந்து ஆற்றை எதிர்த்துச் செல்லும் வரிசையில் பாடினார். இன்றைய தெப்பங்களோ ஒன்பதாம் வளைவில் புறப்பட்டு நீரோட்டத்தோடு இறங்குவதால், பாடல்களைக் கடைசியிலிருந்து வாசித்துக்கொண்டு போவதே பொருத்தம்.

பாறை இடுக்குகளில் கல்லடுக்கிக் கட்டிய சிறு மேடைகளில் வளரும் தேயிலையும் இந்த வாழ்வின் பகுதியே. தா ஹொங் பாவ் வகையின் ஆறு தாய்ச்செடிகள் அப்படியொரு மேடையில் இன்றும் நிற்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. ஆனால் அவற்றின் வழிவந்த செடிகளின் இலைகளைக் கரி நெருப்பில் வாட்டிப் பக்குவப்படுத்தும் கலை தொடர்கிறது.

ஓவியம் வரைபவருக்கும் ஒளிப்படம் எடுப்பவருக்கும் ஹுவாங்ஷானையே சொல்வேன். மேகமும் சூரியோதயமும் கைகூட மலைமேல் ஓர் இரவாவது தங்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் என் தேர்வு வூயி. இரண்டையும் காண இயலுமானால், 2015-இல் திறக்கப்பட்ட ஹெஃபெய்–ஃபூஜோ அதிவேக ரயில் பாதை இரு பகுதிகளையும் இணைக்கிறது. செங்குத்துப் படிகளை முதலில் முடித்துவிட்டுத் தெப்பத்துக்கு வருவது கால்களுக்கும் நல்லது.