பில்லி ஷெங்க்கின் கௌபாய் அச்சோவியம்: ஓராண்டுக்குப் பின்

அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் வாழும் ஓவியர் பில்லி ஷெங்க்கின் சில்க் ஸ்கிரீன் (துணித் திரை வழியே மையை இழுத்து அச்சிடும் முறை) அச்சோவியம் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஒரு கௌபாய், பின்னால் ஊதா நிற மலைமேடு, அதற்கும் மேலே ஆரஞ்சு வானம், படம் இவ்வளவுதான். அசலை வாங்க வசதியில்லாமல்தான் அச்சுக்கு வந்தேன் என்றாலும், இவரைப் பொறுத்தவரை அதற்காக மனம் குறைபட வேண்டியதில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

காரணம் அவர் தீட்டும் முறையிலேயே இருக்கிறது. அமெரிக்க மேற்கின் கௌபாய் வாழ்க்கையை வரைந்த ஃபிரெடெரிக் ரெமிங்டனும் சார்லஸ் ரஸ்ஸலும் வளர்த்த பழைய மரபில் புழுதியும் வியர்வையும் தூரிகைத் தடத்திலேயே தெரியும்; அச்சில் அந்த உயிர் பாதி போய்விடும். 1947இல் ஒஹையோவில் பிறந்து, இளமையில் பாப் கலை ஓவியர் ஆண்டி வார்ஹோலுடன் சில காலம் பணியாற்றிய ஷெங்க், நாம் திரையில் பார்த்துப் பழகிய கௌபாயையே வரைகிறார். தொடக்க காலத்தில், கௌபாய் படங்களுக்குப் பேர்போன இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் படக் காட்சிகளை எடுத்துக்கொண்டு, ஒளியையும் நிழலையும் தட்டையான வண்ணத் துண்டுகளாகப் பிரித்துத் தீட்டினார். ஒரு நிறம் இன்னொன்றில் குழைவதில்லை. சில்க் ஸ்கிரீனும் அப்படித்தான்: நிறத்துக்கு ஒரு திரை, திரைக்கு ஒரு முறை மை. கல்யாண வீட்டு மஞ்சள் பையில் மணமக்கள் பெயரை அச்சிடும் அதே வேலைதானே என்று நண்பர் கேலி செய்தார். அதேதான், ஆனால் இங்கே பல நிறங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தியாக வேண்டும்.

தொப்பியின் நிழல் முகத்தில் விழும் இடத்தைப் பாருங்கள். கரும்பழுப்பு, செங்கல் நிறம், வெளிர்மஞ்சள் என மூன்றே நிறங்கள். அருகில் போனால் மூக்கும் கன்னமும் வரைபடத்துத் தீவுகளாகச் சிதறிவிடுகின்றன. நான்கடி பின்னால் வந்தால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஒரு மனிதன் தெரிகிறான். மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது மையின்மேல் மை ஏறிய மெல்லிய மேடும் தெரியும்.

சித்திரக்கதை போல வசனம் எழுதிய அவருடைய வேறு படங்கள் என்னைக் கவரவில்லை. முதல் தடவை சிரிப்பு வருகிறது. அதே நகைச்சுவையைத் தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு எதிர்கொள்வது கடினம். வசனமில்லாததாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

சட்டம் போடுவதில்தான் சிக்கல் வந்தது. நான் கொடுத்த கடையில் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைக்காமல் ஒட்ட அடைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் படத்து வானத்தின் ஓரம் கண்ணாடியில் பிடிக்கத் தொடங்கியதும் பதறிப்போய்ப் பிரித்து, வேறொருவரிடம் இடைவெளி விட்டு மாட்டக் கொடுத்தேன். வாங்குவோர் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீழே பென்சிலில் உள்ள கையெழுத்தையும் பிரதி எண்ணையும் அட்டை மறைக்காதபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம். அந்த ஆரஞ்சு வெளுத்துவிட்டால் படத்தில் வேறொன்றும் மிஞ்சாது.