ஏஐ உதவியாளருக்குக் கருவிகள்: நேரடியாகவா, டாக்கருக்குள்ளா?

எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்ற), பான்டாக் (ஆவண வடிவம் மாற்ற), கிட் (நிரல் பதிப்புகளைப் பராமரிக்க) போன்ற கட்டளைவரிக் கருவிகளை ஏஐ உதவியாளரிடம் ஒப்படைக்க இரண்டு வழிகள் உண்டு. கணினியில் இருப்பதை அப்படியே ஓட்ட விடலாம். இல்லையென்றால், வேலை முடிந்ததும் அழிந்துபோகும் டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது கணினியின் மற்ற பகுதியிலிருந்து பிரித்த ஒரு தனி அறைக்குள், ஓட்டலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், உதவியாளரைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை வெளியிட்ட பிறகு, இரண்டுக்குமே கான்ஃபிக் கோப்பில் சில வரிகள் எழுதினால் போதும்.

நேரடி வழியில் முதல் நாள் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அந்தக் கருவி உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. உங்களால் திறக்க முடிகிற எஸ்எஸ்எச் சாவியை (வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பு) அதுவும் திறக்கும். உதவியாளர் படிக்கிற ஏதோ ஒரு பக்கத்தில் மறைத்து எழுதிய கட்டளை இருந்து, அதை உதவியாளர் நம்பிவிட்டால்?

கன்டெய்னரில் நீங்கள் மவுன்ட் செய்த (உள்ளே இணைத்துவிட்ட) கோப்புறை மட்டும்தான் கண்ணில் படும். நெட்வொர்க்கையும் துண்டித்துவிடலாம். சரி, ஆனால் படுத்தும். முதலில் நான் கோப்புப் பாதையில் மாட்டினேன். 'டவுன்லோட்ஸில் இருக்கிற வீடியோவைச் சின்னதாக்கு' என்றேன். உதவியாளர் என் கணினியின் முழுப் பாதையைக் கொடுத்தது. கன்டெய்னருக்குள் அதே கோப்புறைக்குப் பெயர் 'வொர்க்'. கோப்பு இல்லை என்று பதில் வர, உதவியாளர் பெயரை மாற்றி மாற்றித் தேடிக்கொண்டே இருந்தது. கருவியின் விளக்கத்தில் 'பாதை வொர்க்கில் தொடங்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்ததும் அடங்கியது. அப்புறம் பார்த்தால், லினக்ஸில் வெளிவந்த கோப்பின் உரிமையாளர் ரூட், அதாவது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு! என்னால் அதில் திருத்தம் செய்ய முடியவில்லை. ஓட்டும்போதே என் யூசர் எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடுபட்டுவிட்டு, வசதிக்காக ஹோம் கோப்புறையையே மவுன்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதுதான் அது. டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்கே கட்டளையிடும் வாயிலை) உள்ளே கொடுப்பது அதைவிட மோசம்: அதைக் கொண்டு இன்னொரு கன்டெய்னரை எழுப்பி, கணினி முழுவதையும் ரூட்டாக ஆளலாம்.

வெளியாள் அனுப்பிய கோப்பைத் தொடும் எஃப்எஃப்எம்பெக், பான்டாக் இரண்டும் என்னிடம் டாக்கரில்தான். மூலக் கோப்புறை படிக்க மட்டும், வெளியீட்டுக்குத் தனிக் கோப்புறை.

கிட் வேறு கதை. அதற்கு என் சாவி, என் அமைப்பு, ஹூக்குகள் (கிட் தானாக ஓட்டும் சிறு நிரல்கள்) எல்லாம் வேண்டும். கன்டெய்னருக்குள் கோப்புறையின் உரிமையாளர் எண் பொருந்தாவிட்டால், 2022-இல் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து கிட் கருவியே முறைத்துக்கொள்ளும். அதை நேரடியாகவே விட்டிருக்கிறேன். புஷ் செய்யும் (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும்) முன் மட்டும் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டாக வேண்டும்.