கையெழுத்துப் போடும் முன் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள்

கணக்கு, கிடங்கு, ஆர்டர் என்று தனித்தனியாக ஓடும் மென்பொருள்களை கிளவுட் வழியாக இணைத்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் விற்பனையாளர்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன வாரம் ஃபீனிக்ஸில் மொத்தக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்து காட்டினார். எங்களைச் சிக்கவைத்த அதே வாசகங்கள் அதில் இருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மோபெனியில் ஒரு மளிகை இறக்குமதி நிறுவனத்தில் கணக்கும் கணினியும் பார்க்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் அரிசி, பருப்பு, மசாலா, பூசைச் சாமான்கள் எங்கள் கிடங்கிலிருந்து சாட்ஸ்வொர்த், இசிபிங்கோ, டொங்காட் கடைகளுக்குப் போகின்றன. கடைக்காரர்கள் இணையதளத்தில் ஆர்டர் போடுவார்கள். கிடங்குக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு அலுவலக சர்வரிலேயே ஓடும் பழைய மென்பொருள். இவற்றுக்கு நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்து நாள் முழுவதும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டில் 36 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம்.

"உங்கள் கணக்கு மென்பொருளுக்கு ஆயத்த இணைப்பி எங்களிடம் இருக்கிறது" என்றார் விற்க வந்தவர். பட்டியலில் மென்பொருளின் பெயரும் இருந்தது. ஆனால் அந்த இணைப்பி அதே மென்பொருளின் புதிய கிளவுட் பதிப்புக்கானது என்பதும் எங்கள் சர்வரில் ஓடும் பழைய பதிப்புக்கு அது பொருந்தாது என்பதும் கையெழுத்துப் போட்டு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு அது முன்பே தெரியும். அவருடைய ஆள் எங்கள் சர்வரைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் ஒப்பந்தமே எழுதப்பட்டது. மாற்று வழியாக, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிஎஸ்வி கோப்புகளை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்புகள்)த் தூக்கிப் போய்க் கொடுக்கும் ஒரு சிறு நிரலை எங்கள் சர்வரில் வைத்தார்கள். இதைத்தான் ஆயத்த இணைப்பி என்று விற்றிருக்கிறார்கள்.

முதல் அடி அந்தக் கோப்பிலேயே விழுந்தது. விண்டோஸைத் தென்னாப்பிரிக்க அமைப்பில் வைத்தால் தசமத்துக்குப் புள்ளி வராது, காற்புள்ளி வரும். ஆகவே ஒரு மூட்டை மஞ்சள்தூளின் விலை எங்கள் கோப்பில் 1250,50 என்று இருந்தது. இணைப்புச் சேவை அந்தக் காற்புள்ளியை ஆயிரத்தைப் பிரிக்கும் குறி என்று எடுத்துக்கொண்டு 125050 என்று பதிந்தது. ஒரே காலையில் பாதிக் கடைகள் கடன் வரம்பைத் தாண்டிவிட்டதாகக் காட்டி ஆர்டர்கள் நின்றுபோயின. அடுத்தது வாட். இங்கே வாட் 15 சதவீதம் என்றாலும் அரிசிக்கும் உலர்ந்த பருப்புக்கும் சுழிய விகிதம். இவர்களோ எல்லாச் சரக்குக்கும் ஒரே வரிக் குறியீட்டைப் போட்டுவைத்திருந்தார்கள். விளக்கிக் காட்டிய நாளில் இது எதுவும் தெரியவில்லை. அன்று ஓடியது அவர்களுடைய தரவு. எல்லா விலையிலும் புள்ளி இருந்தது, எல்லாச் சரக்கும் 15 சதவீதத்தில் இருந்தது.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டோம். பொறுத்துக்கொண்டோம் என்றும் சொல்லலாம். பொறுக்க முடியாதது 2024 மார்ச் 14 அன்று நடந்தது.

அன்று ஐவரி கோஸ்ட் அருகே கடலடி இணையக் கம்பிகள் நான்கு சேதமடைந்தன: வாக்ஸ், மெயின்ஒன், ஏஸ், சாட்-3. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஐரோப்பாவோடு இணைப்பவை அவை. தென்னாப்பிரிக்காவிலும் பல சேவைகள் தடுமாறின. எங்களுக்கென்ன என்று இருந்தேன். ஏனென்றால் "உங்கள் தரவு நாட்டை விட்டே போகாது" என்று விற்பனையாளர் எழுத்திலேயே கொடுத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் 2019லும் அமேசான் 2020லும் இங்கேயே தரவு மையங்களைத் திறந்துவிட்டன, ஆகவே நம்பும்படியாகத்தான் இருந்தது. உண்மையில் இங்கே இருந்தது சேமிப்பு மட்டும். பில்லை வாங்கி மாற்றி அனுப்பும் இயந்திரம் ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒவ்வொரு பில்லோடும் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கின்றன. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் 72ஆம் பிரிவு இப்படித் தரவை வெளிநாட்டுக்கு அனுப்ப நிபந்தனைகள் விதிக்கிறது. அதற்குப் பொறுப்பு விற்றவருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான்.

அன்று நடந்தது இதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த பில் எங்கள் கணக்கில் பதிவாகிவிட்டது. "கிடைத்தது" என்று எங்கள் பக்கம் அனுப்பிய பதில் அங்கே உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பில் போகவில்லை என்று நினைத்து அந்தச் சேவை அதையே மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு பில்லுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதே என்று சொல்லிவைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இவர்கள் அதைச் செய்யவில்லை. மறுமுறை அனுப்பும்போது புது எண் போட்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளில் 117 பில்கள் இரட்டித்தன. வெள்ளிக்கிழமை, கடைக்காரர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பில் தொகையை நேரடியாக எடுக்கச் சொல்லும் டெபிட் ஆர்டர் பட்டியல் வழக்கம்போல வங்கிக்குப் போனது.

எங்களுக்கு இது தெரிந்தது மென்பொருளால் அல்ல. இசிபிங்கோவில் கடை வைத்திருக்கும் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையாரால். நாங்கள் அவரை ஆயா என்றுதான் அழைப்போம். பெரிய வெள்ளிக்கு மாரியம்மன் கோவிலில் கூடும் கூட்டத்துக்காகக் கற்பூரம், மஞ்சள், தேங்காய், அரிசி என்று அவர் ஆண்டுதோறும் முன்கூட்டியே சரக்கு எடுப்பார். இரண்டு பில்களையும் வங்கித் தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். மேசைமேல் அவற்றை அருகருகே வைத்து விரலால் தடவித் தடவிக் காட்டினார். சரக்கு ஒன்று, தேதி ஒன்று, தொகை ஒன்று: 18,400 ராண்டு. பில் எண் மட்டும் வேறு.

"தம்பி, நான் ஒரு லோடுதானே எடுத்தேன்? பூக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பணம் பேங்கிலிருந்து திரும்பிவிட்டது. முப்பது வருஷத்தில் அவனிடம் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை."

அன்று மாலைக்குள் அவர் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். மற்ற கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி, கிரெடிட் நோட் போட்டு முடிக்கப் பதினொரு நாள் ஆனது. விற்பனையாளருக்கு அனுப்பிய புகாருக்குப் பதிலாக வந்தது அந்த மாத பில். ஒப்பந்தத்தில் மாதம் 50,000 நடவடிக்கைகள் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், அதுவும் டாலரில். மறுபடி மறுபடி அனுப்பிய இரட்டைப் பில்களையும் எங்கள் கணக்கில்தான் ஏற்றியிருந்தார்கள். அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. "புது ஆர்டர் இருக்கிறதா" என்று இணையதளத்தை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுகூட, ஆர்டர் இல்லாவிட்டாலும், ஒரு நடவடிக்கையாம். நாளுக்கு 1,440. முப்பது நாளில் 43,200. இப்படி மூன்று இணைப்புகள் எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டர் வரும்போது இணையதளமே தகவல் சொல்லும்படி வெப்ஹூக் அமைத்திருந்தால் இந்தச் செலவே இல்லை. அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விலகிக்கொள்கிறோம் என்றோம். 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் நீண்டகால ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இருப்பதை நம்பியிருந்தேன். வழக்கறிஞர் அதே பிரிவின் முதல் வரியைப் படித்துக் காட்டினார்: நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. தனி மனிதர் தொலைபேசி இணைப்பை ரத்து செய்வது போல நம்மால் செய்ய முடியாது. மீதமிருந்த மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டித்தான் வெளியே வந்தோம். வரும்போது எங்கள் இணைப்பு வேலைகளைக் கேட்டால் பதினொரு பக்கப் படங்கள் கிடைத்தன. மற்றதெல்லாம் விற்பனையாளரின் கணக்கில், அவருடைய கடவுச்சொல்லுக்குள் இருந்தது. முதல் வரியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

நண்பரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நிர்வாகக் கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். இயந்திரம் எந்த நாட்டில் ஓடுகிறது என்பதை, சேமிப்பைப் பற்றி அல்ல, ஓடுவதைப் பற்றி, எழுதி வாங்குங்கள். தோற்றுப்போன நடவடிக்கைக்கும் வெறும் எட்டிப் பார்ப்புக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்களுடைய சொந்தத் தரவை, காற்புள்ளியும் சுழிய வரியும் அரைகுறை முகவரியுமாக இருக்கிறபடியே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

புது நிறுவனத்தைத் தேடியபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். பழைய பில்களிலிருந்து 40 எடுத்தேன், ஆயாவின் பில்லும் அதில் ஒன்று. பாதி போய்க்கொண்டிருக்கும்போது சர்வரின் பின்னால் போய் வலைப்பின்னல் கம்பியைப் பிடுங்கினேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினேன். முதலில் வந்தவர்களின் சேவையில் கணக்கில் 43 பில்கள் பதிவாகியிருந்தன. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம். இரண்டாவதாக வந்தவர்களிடம் அதே சோதனையை மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் 40.