கடையடைப்பா, கிராம சபையா?

கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் வர 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. பிடிக்காதவர்கள் அதை எப்படிச் சொல்வது?

கடையடைப்பு ஒரே நாளில் காதில் விழும். கொடி வேறானாலும் ஷட்டர் சேர்ந்தே இறங்கும். ஆனால் இ-பாஸ் நல்லதுதான் என்று நினைக்கும் டீக்கடைக்காரர்? கல் விழுமோ என்று பயந்து அவர் மூடினால், மறுப்புரிமையை இழந்தவர் அவர்தான். கட்டாய பந்த் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. விரும்பி அடைப்பது வேறு.

இன்னொரு வழி, கொடைக்கானலைச் சுற்றியுள்ள பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் கிராம சபை உண்டு. மெதுவான வழி, பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூண்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். இருந்தும் என் ஓட்டு இதற்கே, எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால் மைக்கைப் பிடுங்காமல் அவர் மறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார்கள் என்றால். ஆனால் ஒரு குறை, நகராட்சிக்குள் கடை வைத்திருப்பவருக்குக் கிராம சபை கிடையாது.